பாம்பெர்கில் ஒரு குடும்ப ஹோட்டலில் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் பழைய நகரம் ஒன்றில் தங்கிப் பார்க்க ஆசை, எங்கே போகலாம் என்று கேட்டால் நான் பாம்பெர்க் என்றுதான் சொல்வேன். பவேரியா மாநிலத்தின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. நியூரெம்பெர்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டாம் உலகப்போரில் நியூரெம்பெர்க்கின் பழைய நகரம் நொறுங்கிப்போனது. பாம்பெர்க் பெரும்பாலும் தப்பியது. 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்த ஊரில் ஒரு குடும்பமே நடத்தும் சின்ன ஹோட்டலில் தங்குங்கள். காலையில் காபி ஊற்றுகிறவரே மதியம் படுக்கை விரிப்பார், சாயங்காலம் சாவி கொடுப்பார், இரவில் தூங்கப் போய்விடுவார். 24 மணி நேர வரவேற்பு மேசை பல இடங்களில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: எந்த வகை இடம் என்று பாருங்கள்

பெயரோடு 'கார்னி' என்று இருந்தால் காலை உணவு மட்டும் உண்டு. 'காஸ்ட்ஹோஃப்' என்றால் கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே அறைகள். 'பென்சியோன்' இன்னும் எளிமையானது. பாம்பெர்கில் சில பியர் ஆலைகளே அறைகளும் வாடகைக்கு விடுகின்றன.

காஸ்ட்ஹோஃப் என்றால் 'ரூஹெடாக்', அதாவது வார விடுமுறை, எந்த நாள் என்று கட்டாயம் பாருங்கள். அன்று சாப்பாட்டுக்கூடம் மூடியிருக்கும். சாவி கொடுக்கவும் ஆள் இல்லாமல் போகலாம்.

அடுத்தது மாடிப்படி. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தில் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. மாடிகளை நம்மைப் போலத்தான் எண்ணுகிறார்கள், தரைத்தளத்துக்கு மேலேதான் முதல் மாடி. அதனால் மூன்றாம் மாடி என்றால் குறுகலான மரப்படிகளில் மூன்று மாடி, பெட்டியோடு. அப்பா அம்மாவைக் கூட்டிப்போனால் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ அறை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

படி 2: தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பழைய நகரம் மூன்று பகுதிகள். பேராலயம் இருக்கும் குன்றுப் பகுதி அழகு, இரவில் அமைதி, ஆனால் கருங்கல் பாவிய ஏற்றம். ரெக்னிட்ஸ் ஆற்றுக்கு நடுவே உள்ள தீவுப் பகுதியில் கடைவீதியும் சந்தையும் இருக்கின்றன. ரயில் நிலையம் பக்கம் தோட்டக்காரர் பகுதி. நகரத்துக்குள்ளேயே காய்கறி பயிரிட்டு வந்த குடும்பங்களின் இடம், தரை சமமானது. பெரியவர்களும் கனமான பெட்டிகளும் உண்டென்றால் தோட்டக்காரர் பகுதிதான் என் தேர்வு. இருவர் மட்டும் போவதானால் தீவு.

பேராலயத்துக்குக் கீழே ஸாண்ட்ஷ்ட்ராஸே என்ற தெரு இருக்கிறது. பார்க்க ஓவியம் மாதிரி இருக்கும், ஆனால் மதுக்கடைகள் நிறைந்த தெரு. சீக்கிரம் தூங்குகிறவர்கள் தெருப்பக்க அறையை எடுக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் அதே பகுதியில் 'ஸாண்ட்கெர்வா' திருவிழா நடக்கும். அப்போது அறை கிடைப்பதே பாடு. இன்னொன்று, தேவாலய மணி. அதை யாரும் உங்களுக்காக நிறுத்த மாட்டார்கள்.

படி 3: நேரடியாக ஒரு மின்னஞ்சல்

இதுதான் முக்கியமான படி. செயலி வழியாகப் பதிவு செய்திருந்தாலும் தனியாக நான்கு வரி எழுதுங்கள், ஆங்கிலம் போதும்: எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை பேர், குழந்தைக்குக் கட்டில் வேண்டுமா, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் உண்டா, கிரெடிட் கார்டு வாங்குவீர்களா. கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். ரொக்கமோ ஜெர்மன் வங்கி அட்டையோ மட்டும் வாங்கும் சின்ன இடங்கள் இன்னும் இருக்கின்றன.

ராத்திரி வருவீர்கள் என்றால் சுவரில் பூட்டிய சின்னப் பெட்டியில் சாவியை வைத்து, அதன் எண்ணை அனுப்பிவிடுவார்கள். ரயில் தாமதமானாலும் ஒரு வரி தகவல் சொல்லுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான விசா) விண்ணப்பிக்கப் பதிவு செய்கிறவர்கள் இலவச ரத்து வசதி உள்ள அறையாக எடுப்பது நல்லது, விசா கிடைக்காமலும் போகலாம்.

படி 4: போய்ச் சேர்ந்ததும்

'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். ஒரு படிவம் தருவார்கள். 2025 ஜனவரி முதல் ஜெர்மன் குடிமக்களுக்கு இது தேவையில்லை. வெளிநாட்டவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன்காரர் படிவமில்லாமல் போகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம். சாவிக்கொத்தில் வாசல் கதவுச் சாவியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் வாசலைப் பூட்டிவிடுவார்கள், திறந்துவிட ஆள் இருக்காது.

படி 5: அறை

இரட்டைக் கட்டிலில் பெரும்பாலும் இரண்டு மெத்தை, ஆளுக்கொரு போர்வை. ஏசி இருக்காது. ஜன்னல் கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் மூடியது, கிடையாகத் திருப்பினால் முழுசாகத் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாய்ந்து காற்று வரும். நம்மூர் மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். வெந்நீர்க் கெட்டில் இல்லையென்றால் கீழே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது; பழைய மரத்தளத்தில் நடந்தாலே கீழ் அறைக்குக் கேட்கும்.

படி 6: காலை உணவு

நேரம் முடிந்தால் முடிந்ததுதான், கெஞ்சிப் பயனில்லை. உள்ளே நுழையும்போது மற்ற மேசைக்காரர்களுக்கும் 'குட்டன் மோர்கன்' சொல்வது வழக்கம். சொல்லாமல் உட்கார்ந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மொறுமொறுப்பான சின்ன ரொட்டிகள், வெண்ணெய், ஜாம், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள், வேகவைத்த முட்டை, தயிர் இருக்கும். இறைச்சித் தட்டில் இருப்பது பெரும்பாலும் பன்றி. ரொட்டியில் தடவும் பழுப்பு நிறக் களிம்பு ஈரல் கலந்ததாக இருக்கலாம், சைவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். 'க்வார்க்' என்பது தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் போல இருக்கும்; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மதியத்துக்கு ரொட்டி கட்டிக்கொள்ள வேண்டுமா? கேட்டுவிட்டு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் அன்று காலை நன்றாகச் சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

படி 7: கிளம்பும்போது

அறையைக் காலி செய்ய வேண்டியது காலை பத்து, பதினொரு மணி வாக்கில். அதிகாலை ரயில் என்றால் முந்தின நாள் மாலையே பணத்தைக் கட்டிவிடுங்கள். சில ஜெர்மன் ஊர்களில் தங்கும் வரி தனியாக வரும். பவேரியா 2023-ல் அதைத் தடை செய்துவிட்டது, உடல்நலச் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் என அங்கீகரிக்கப்பட்ட ஊர்களில்தான் ஒரு சிறு கட்டணம் இருக்கலாம்.

பெட்டியை மாலை வரை வைத்துக்கொள்ளச் சொன்னால் பொதுவாக மறுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஆற்றின் மேலேயே நிற்கும் பழைய நகர மன்றத்தையும், போப் இரண்டாம் கிளெமென்ட்டின் கல்லறை உள்ள பேராலயத்தையும் பார்த்துவிடலாம். திரும்பிப் போக, மாநிலத்துக்குள் ஓடும் ரயில்களுக்கான ஒருநாள் பயணச்சீட்டான பவேரியா டிக்கெட் வாங்கினால் ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாட்களில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் செல்லாது.