வென்டிலேட்டர்: எடையைப் பார்க்காதீர்கள், உயரத்தை அளவிடுங்கள்

மூச்சுத் திணறி வந்தவருக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தாயிற்று. திரையில் ஆக்சிஜன் 98 என்று வந்ததும் சுற்றி நிற்பவர்களுக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். தவறுகள் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கின்றன.

அதிகம் பார்ப்பது, எடையை வைத்து டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் உள்ளே செலுத்தும் காற்றின் அளவு) போடுவது. உடம்பு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. 160 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 45.5-ஐக் கூட்டினால் (ஆணுக்கு 50) சுமார் 52.4 கிலோ வரும். கணக்குக்கு எடுக்க வேண்டிய எடை இதுதான். கிலோவுக்கு 6 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 315 மி.லி. போதும். 80 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 480 ஆகிவிடும். ஏற்கெனவே நொந்துபோன நுரையீரலுக்குள் ஒவ்வொரு மூச்சிலும் ஒன்றரை மடங்கு காற்று! ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாக வீங்கி நீர் கோக்கும் நோய்) பற்றி 2000-ல் வெளியான ஆய்வில் கிலோவுக்கு 12 மி.லி. வைத்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. வைத்தவர்களில் 31 சதவீதம். படுத்திருப்பவரை டேப் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகுமா? கண்ணால் பார்த்து உயரம் சொல்வதை நான் நம்புவதில்லை. பிளேட்டோ அழுத்தம் (காற்றை உள்ளே செலுத்திச் சற்று நிறுத்தும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம்) 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்துமா நோயாளியிடம் வேறொரு சிக்கல். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதும் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டத்தான் கை போகும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு சுற்றுக்கு 4 விநாடி. உள்ளிழுக்க ஒன்று போனால், வெளிவிட மூன்று மிஞ்சும். எண்ணிக்கையை 30 ஆக்கினால் வெளிவிட ஒரே விநாடிதான். சுருங்கிய மூச்சுக் குழாய்கள் வழியாகக் காற்று அதற்குள் வெளியேறாது. மூச்சுக்கு மூச்சு உள்ளே தேங்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவதைத் தடுக்கும். இப்படிப்பட்டவரின் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தால், முதலில் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு மூச்சு முழுதாக வெளியேற விடுங்கள். அதிலேயே அழுத்தம் ஏறிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஏறாவிட்டால் நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

அலாரம் அடித்தால் அதை அணைத்துவிட்டுத் திரையையே நோண்டிக்கொண்டிருப்பதும் நடக்கும். நோயாளியின் முகத்தையும் மார்பையும் பார்ப்பதுதான் முதல் வேலை. குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, இல்லை இயந்திரத்தில்தான் கோளாறா? விளங்கவில்லையென்றால் வென்டிலேட்டரைக் கழற்றி அம்பு பேக்கில் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) கொடுங்கள். பேக் லேசாக அமுங்கி மார்பும் நன்றாக ஏறி இறங்கினால் கோளாறு இயந்திரத்தில் இருக்கலாம்.

ஆக்சிஜனை 100-லேயே பிடித்து வைக்கத் தேவையில்லை. பலருக்கு 92 முதல் 96 வரை போதும். சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக் குழாய் அடைப்பு நோய்) உள்ளவர்களுக்கு 88 முதல் 92.

கடைசியாக, மயக்க மருந்து. அமைதியாகத் தூங்குகிறார் என்று அப்படியே விட்டுவிட்டால் வென்டிலேட்டரில் இருக்கும் நாள்கள் கூடிக்கொண்டே போகும். தடை எதுவும் இல்லையென்றால் தினமும் மருந்தை நிறுத்தி எழுப்பி, அரை மணி நேரம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்க்கலாம். அதில் தேறிவிட்டார் என்பதற்காகக் குழாயை உடனே உருவிவிடக் கூடாது. முதலில் இருமச் சொல்லிப் பாருங்கள். சளியைத் தானே வெளியே தள்ள முடியாதவருக்கு அன்றிரவே மறுபடியும் குழாய் போட வேண்டி வரலாம்.