கண்ணாடிக் கிண்ணத்தில் சக்குலென்ட்: வேர் அழுகுவது எதனால்?

அடி இலை ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வெந்த வெங்காயம் மாதிரி நிறம் வெளுத்து, நீர் கோத்திருந்தது. தண்டும் அடியிலிருந்து கறுத்திருந்தது. மேலே ரோஜாப்பூ போல விரிந்த எச்சிவேரியா, அதாவது சதைப்பற்றுள்ள இலைகொண்ட சக்குலென்ட் வகைச் செடி, அப்போதும் அழகாகவே இருந்தது. நான் முதன்முதலில் செய்த திறந்த டெர்ரேரியம் (கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வளர்க்கும் குட்டித் தோட்டம்) அது. வைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

டெர்ரேரியம் என்ற யோசனையே ஈரத்தை விரும்பும் செடிகளிலிருந்து வந்தது. 1829 வாக்கில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்தார். அதற்குள் பெரணி ஒன்று தானாக முளைத்தது. பெரணிக்கும் பாசிக்கும் அது சொர்க்கம். சக்குலென்ட் நேர் எதிர். எச்சிவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோ, ஹவார்த்தியாவுக்குத் தென்னாப்பிரிக்கா. இலையில் தண்ணீரைச் சேமித்து, இரவில் மட்டும் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு விடும் செடிகள் இவை. அதனால் மூடி வேண்டாம், வாய் குறுகிய பாட்டில் வேண்டாம், பக்கத்தில் பச்சைப் பாசியும் வேண்டாம். பாசிக்குத் தினமும் ஈரம் வேண்டும், அந்த ஈரம் இவற்றைக் கொன்றுவிடும்.

அகன்ற வாய்க் கிண்ணம் வாங்கிவிட்டோம், சரி. ஆனால் அடியில் துளை இல்லையே? இங்கேதான் பெரும்பாலோர் கூழாங்கல்லை நம்பி ஏமாறுகிறோம். கல்லைப் பரப்பினால் தண்ணீர் வடிந்து அதற்குள் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கூழாங்கல் மேல் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சொட்டும், பிறகு நின்றுவிடும். ஸ்பாஞ்சின் அடிப்பகுதி மட்டும் சொதசொத என்றே இருக்கும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண் தனக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், முழுக்க நிறைந்த பிறகே கல்லுக்குள் விடும். அரைக் கிண்ணம் கல்லைப் போட்டால், அந்தச் சொதசொதப்பை வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைத்ததாகத்தான் அர்த்தம். அடியில் போடும் கரித்துண்டும் அழுகலைத் தடுக்காது.

பதிலாக, மண்கலவை முழுவதையுமே கரடாக்குங்கள். ஒரு பங்கு செம்மண் கலவைக்கு, மிளகு அளவில் உடைத்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. ஜல்லியைச் சலித்துத் தூசியை நீக்கி, கழுவிக் காயவைப்பது முக்கியம். தூசி இடைவெளியையெல்லாம் அடைத்துவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை இருக்கும். அதை அப்படியே புதைப்பதும் பெரிய தவறு. கரட்டு மண்ணுக்கு நடுவே அது மட்டும் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு, வேரை இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறப்போட்டு, அப்புறம் நடுங்கள். நட்ட அன்றே தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேரில் பட்ட காயம் ஆற ஒரு வாரம் கொடுங்கள்.

‘வாரம் ஒருமுறை தண்ணீர்’ என்ற கணக்கையும் மறந்துவிடலாம். சித்திரையில் ஒரு வாரத்தில் காயும் மண், ஐப்பசி அடைமழையில் மூன்று வாரமானாலும் காயாது. நான் நம்புவது ஈர்க்குச்சியை. கிண்ணத்தின் அடி வரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். மண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால், ஆறங்குலக் கிண்ணத்துக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். அதையும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு செடியின் அடியிலும் விடுவேன். ஸ்பிரே அடித்தால் இலை மடிப்புகளில் நீர் தங்கும், வேருக்குப் போய்ச் சேராது. ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழும். துளையில்லாத கிண்ணத்தில் அந்த உப்பு வெளியே போக வழியில்லை. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே நல்லது.

செடித் தேர்விலும் ஆசை கண்ணை மறைக்கும். எச்சிவேரியாவுக்கு நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் வேண்டும். சென்னை மாதிரி ஊரில் வீட்டுக்குள் அது கழுத்து நீண்டு வெளிறிப்போகும். ஹவார்த்தியா, காஸ்டீரியா இரண்டும் குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இவைதான். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் போதும். மேற்கு ஜன்னலில் வைத்தால் மதியத்துக்கு மேல் கண்ணாடிக்குள் சூடு ஏறி இலை கருகிவிடும். இடைவெளி விடாமல் நெருக்கி நட வேண்டாம். காற்று புகாத இடத்தில்தான் மாவுப்பூச்சி குடியேறும். வந்துவிட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டு எடுக்கலாம். உரம் தேவையில்லை.

தண்டு கறுத்த பிறகும் தலைப்பகுதி பிழைக்க வழி உண்டு. பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, கறுப்புக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்தைப் பாருங்கள்: நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். வெளிர்பச்சையாக, சுத்தமாக வரும்வரை வெட்டி, நான்கைந்து நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மண்மேல் சும்மா உட்காரவைத்துவிடுங்கள். என் எச்சிவேரியாவை மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது. இப்போது அது துளையுள்ள மண் சட்டியில், மாடியில், நிழல்வலைக்குக் கீழே இருக்கிறது.