பெங்களூரில் ஏரி காக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் கேட்பது, "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், கையுறை கொடுப்பீங்களா?" நல்ல மனசு, வாங்க. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். எட்டு வாரம் கரையில் கவரும் பாட்டிலும் பொறுக்கி மூட்டை கட்டினோம், ஒன்பதாவது வாரம் ஒரே ராத்திரி மழை, விடிந்து போய்ப் பார்த்தால் அத்தனை குப்பையும் அதே இடத்தில். அன்றைக்குத்தான் இது எங்கிருந்து வருகிறது என்று மேலே நடந்து பார்த்தோம்.

கரையோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. பெங்களூரு மேட்டில் இருக்கிற ஊர். மழைத் தண்ணீர் ஹெப்பாள், கோரமங்களா-சல்லகட்டா, விருஷபாவதி என்று மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு வரும், அதனால் ஏரியின் நோயைக் காலுவேயில்தான் தேட வேண்டும். மார்ச் மாதத்தில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், காலை ஆறு மணிக்குக் காலுவே ஓரமாக நடந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் சோப்பு வாசனையோடு தண்ணீர் ஓடினால் அது வீட்டுச் சாக்கடை. எந்தக் குழாய் வாயிலிருந்து விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இப்படி நடந்தால் பத்து ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கியதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு நம் வீட்டிலேயே இருக்கிறது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுகிறோம். எங்கள் தெருவில் பெரிய மழை வந்தால் சாக்கடை மூடி தடதடவென்று ஆடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், உள்ளே இருப்பதெல்லாம் பொங்கி ரோட்டில் வழிந்து நேராகக் காலுவேக்குள் போகும். பெரிய மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2009-லேயே சட்டமாகிவிட்டது. மாடிக் குழாயைத் தொட்டிக்கோ கசிவுக் குழிக்கோ திருப்பிவிட ஒரு பிளம்பருக்கு ஒரு நாள் வேலை.

அப்புறம் தூர்வாருவது. சுத்தம் என்ற பெயரில் ஜேசிபி விட்டுக் கிண்ணம் மாதிரி தோண்டி, வரத்து வாயில் நிற்கிற கோரையையும் சம்பையும் வேரோடு பிடுங்கிவிடாதீர்கள். ஆகாயத்தாமரையை எடுங்கள், அது வேறு. கோரையும் சம்பும் வருகிற அழுக்கில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்துகின்றன. ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த தண்ணீரையும் இப்படி ஒரு சதுப்பு வழியாக அனுப்பித்தான் உள்ளே விடுகிறார்கள். கரையோரமும் ஆழமாகிப் போனால் கொக்குக்கும் நிற்க இடம் இருக்காது.

வேலி போட்டு, நடைபாதை போட்டு, புல் அறுக்கிறவர்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏரியில் தினமும் இருக்கிறவர்கள் அவர்கள்தான். "பதினோரு மணிக்கு மேல டேங்கர் வருது தம்பி, லைட்ட அணைச்சிட்டுத்தான் நிப்பாட்டுறான்" என்று எங்களுக்குச் சொன்னது புல் அறுக்கிற ஒரு அக்கா. ஏரிக்குள் கறுப்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மாதக்கணக்காக நாங்கள் தேடியதற்கு விடை அதுதான்.

"ஏரி நாறுகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மனு எழுதாதீர்கள். எங்கள் முதல் மனு மேசை மேசையாகச் சுற்றி எங்களிடமே வந்தது. சர்வே எண், கிராம வரைபடத்தில் காலுவே போகும் கோடு, தேதி நேரத்தோடு படம், எல்லாம் வைத்து எழுதிய பிறகுதான் ஆள் வந்து பார்த்தார்கள்.

இங்கே இருக்கிற நம் தமிழ் ஆட்கள் பலர் "இது அவங்க ஊர் ஏரி, நமக்கென்ன" என்று ஒதுங்குகிறார்கள். 2017 பிப்ரவரியில் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியின் தண்ணீர் வர்த்தூர் தாண்டித் தட்சிண பினாகினியில் சேர்கிறது. ஓசூர்ப் பக்கம் வந்தால் அதற்குத் தென்பெண்ணை என்று பெயர், கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அந்த அணைப் பாசனத்தில் எங்கள் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மதகுப் பக்கம் நுரை ஏறினால் எனக்குப் போன் போட்டு, "என்னடா, உங்க ஊர்ல நேத்து மழையா?" என்று கேட்பார்.