டிபி மருந்து எதிர்ப்புப் பரிசோதனை: சளி டப்பாவிலிருந்தே தொடங்கும் தவறுகள்

உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து காலையில் எங்கள் லேபுக்கு வந்து சேரும் சளி டப்பாக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். தண்ணீராக, மேலே நுரை கட்டி நின்றால் அது வெறும் எச்சில். கெட்டியாக, மஞ்சளோடிக் கிடந்தால் சளி. மாத்திரைக்குக் கிருமி அடங்குமா என்று சொல்ல வேண்டிய பரிசோதனைக்கு எச்சிலைக் கொடுத்தால், இருக்கிற கிருமியும் தெரியாமல் போகலாம்.

காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். 2 மில்லியாவது வேண்டும். திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாமல் எடுப்பது நல்லது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சளியைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரை மாதத்தில் டப்பாவை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினால், வாயிலிருந்து வந்த வேறு கிருமிகள் பெருகி கல்ச்சரை, அதாவது டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையை, கெடுத்துவிடும். உடனே அனுப்ப முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு வேறொன்று. கழுத்தில் நெறி கட்டிய ஒரு பெண்ணுக்கு ஒரு மருத்துவமனையில் கட்டியை அறுத்து எடுத்து, மொத்தத்தையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள். பயாப்சியில் டிபி மாதிரி இருக்கிறது என்று வந்தது. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கத்தான் வழியில்லை. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. அந்தப் பெண்ணுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. சதையில் ஒரு துண்டை நார்மல் சலைன் என்ற உப்புநீரில் தனியாகப் போட்டிருந்தால் போதும். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்கு எதிர்ப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். இல்லை என்று வந்ததும் எல்லா மாத்திரையும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு மருந்தைப் பற்றிய பதில்தான். ஐசோனியாசிட் என்ற இன்னொரு டிபி மருந்து கேட்குமா என்பதை எல்பிஏ என்ற இன்னொரு பரிசோதனையில்தான் பார்க்கிறோம். 'இன்டிடர்மினேட்', அதாவது முடிவு தெளிவில்லை, என்று வந்தால் எதிர்ப்பு இல்லை என்று அர்த்தமில்லை, மறுபடி சளி கொடுக்க வேண்டும். சிகிச்சை முடியும் நேரத்தில் குணமாகிவிட்டதா என்று பார்க்க சிபிநாட் ஆகாது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டும்.

எதிர்ப்பு என்று வந்தால் தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அனுப்பி மாதக்கணக்கில் ஊசி போடுவார்களோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த புது சிகிச்சையில் ஊசியே இல்லை, மாத்திரைகள்தான். தகுதியானவர்களுக்கு ஆறு மாதத்தில் முடியும்.

இந்தப் பயத்தில் சிலர் தப்பான போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று உறுதியாகச் சொல்லவே 42 நாள் ஆகும். வளர்ந்தால் அதன் மேல் மருந்தைச் சோதிக்க இன்னும் நாளாகும். அதற்குள் நோயாளி திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியிருப்பார். கையில் ரிசல்ட்டை வைத்துக்கொண்டு ஆளைத் தேடி அலைந்திருக்கிறோம். உங்கள் நம்பரோடு வீட்டில் இன்னொருவர் நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.