வர்த்தமானியில் வந்த எங்கள் பெயர்

அட்டனில் அப்பா தொடங்கிய கறித்தூள் ஆலையின் பெயரை, கொழும்புக் கம்பனி ஒன்று தன் வர்த்தகக் குறியாகப் பதியக் கேட்டிருந்தது. வர்த்தமானியில் பார்த்ததும் நெஞ்சு பதறியது. "இனி என்னப்பா செய்றது?" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

வழி இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியாகி மூன்று மாதத்துக்குள் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் எதிர்ப்பைக் கொடுக்கலாம். குறி பதிவாகிவிட்டால், அதைச் செல்லுபடியற்றதாக்க நீதிமன்றம்தான் போகவேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் சிறு தொழில்காரருக்குத் தாங்காது. அதனால் முதலில் திகதியைப் பாருங்கள்.

பதியாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் முன்பே பாவித்தோம் என்றால் மட்டும் போதாது. அது விண்ணப்பதாரருக்குத் தெரியும், அல்லது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றும் காட்டவேண்டும். இங்கேதான் அம்மா கைகொடுத்தார். அவர் கட்டிவைத்திருந்த பழைய பில் புத்தகங்களில், மஞ்சள் கறை படிந்த ஒரு காபன் பிரதி. அதே கம்பனியின் ஆள் எங்களிடம் சரக்கெடுத்து, கையெழுத்துப் போட்டு, கம்பனி முத்திரையும் குத்தியிருந்தார்! அதையும் பழைய பைக்கற் உறைகளையும் சத்தியக்கடதாசியோடு இணைத்தோம். சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொண்டது பெரிய உதவி.

விசாரணைக்குப் பிறகு அவர்களுடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. உடனே எங்களுடையதைப் போட்டோம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.