சாங்காவி மேசா ட்ரெயில்: முதல் தடவை போறவங்களுக்கு

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல, பூர்வகுடிங்க வாழ்ந்த பழைய ஊருங்களைப் பாதுகாத்து வச்சிருக்குற பேண்டலியர் நேஷனல் மான்யுமெண்ட் போறவங்க முக்கால்வாசிப் பேர் மெயின் பள்ளத்தாக்கை மட்டும் பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. அங்கருந்து ஒரு 12 மைல் தள்ளி, வைட் ராக் ஊர்கிட்ட ஹைவே 4 ஓரமா சாங்காவின்னு தனியா ஒரு மேசா இருக்கு, அதாவது உச்சி தட்டையா வெட்டிவிட்ட மாதிரி இருக்குற குன்று. மொத்தமே 1.5 மைல் லூப்தான், புதுசா ஹைக்கிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி
வழியில தண்ணி கிடைக்காது, நிழலும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. 6,000 அடிக்கு மேல இருக்குற இடம், கொஞ்சம் ஏறினாலே மூச்சு வாங்கும், அதனால தண்ணி தாராளமா எடுத்துக்குங்க, தொப்பி கட்டாயம். ஜூலை, ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், உச்சில ஒதுங்க இடம் கிடையாது, காலைலயே முடிச்சுடுங்க. நாயைக் கூட்டிட்டுப் போக முடியாது.

2. ஏணி
மேசா மேல போற வழியில ஏற வேண்டியது மர ஏணிதான், பயப்பட ஒண்ணுமில்ல. போனைப் பைக்குள்ள போட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஏறுங்க, இறங்கும்போதும் முகம் ஏணியைப் பாத்துத்தான் இருக்கணும்.

3. பள்ளத் தடம்
இந்த ட்ரெயிலோட விசேஷமே இதுதான். ஹெமெஸ் மலை எரிமலை பத்து லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கக்கின சாம்பல் இறுகி ஆன டஃப்னு ஒரு மெத்துப் பாறை, அதுல ஜனங்க தலைமுறை தலைமுறையா நடந்து நடந்தே கிணத்துக் கல்லுல கயிறு அறுத்த மாதிரி வழி விழுந்திருக்கு, சில இடத்துல முழங்காலுக்கு மேல ஆழம், ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வைக்க முடியாது. ஒரு கால் முன்னாடி ஒரு கால்னு மெதுவா வைங்க. கஷ்டமா இருக்குன்னு வெளிய ஏறி விளிம்புல நடந்தா பாறை உடையும், புதுத் தடமும் விழுந்துடும்.

4. உச்சில இருக்குற ஊர்
சுவரு, கோபுரம்னு எதிர்பாத்துப் போனா ஏமாந்துடுவீங்க. அங்கங்க மண்மேடு, நடுவுல பள்ளமா ஒரு முற்றம், அவ்ளோதான். அந்த மேடெல்லாம் 15, 16-ம் நூற்றாண்டுல ஜனங்க வாழ்ந்த வீடுங்க இடிஞ்சு மூடிக் கிடக்குறது, பெருசா தோண்டவே இல்ல. அவங்க வம்சம் இன்னிக்கும் பக்கத்துல சான் இல்டிஃபான்சோ பியூப்லோங்கற பூர்வகுடி ஊர்ல இருக்காங்க, அவங்க பாட்டன் பூட்டன் வீடு இது, அதனால மேட்டு மேல ஏறாதீங்க. கீழ பாத்தா கறுப்புக் கோடு போட்ட பானை ஓடு கிடக்கும். அதை எடுத்துட்டுப் போறது அமெரிக்காவோட 1979 தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். சிலபேர் அழகா இருக்குன்னு ஒரு கல்லு மேல பொறுக்கி அடுக்கி வைப்பாங்க, எனக்கு எரிச்சலே அதான், எங்க கிடந்துச்சுங்கறதுதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு முக்கியம், நகத்தினா அந்தத் தகவல் போச்சு.

5. குகை வீடுங்க
இன்னொரு ஏணி இறங்கினா தெக்குப் பாத்த பாறைச் சரிவு வரும், குளிர்காலத்துல வெயில் நல்லா விழுற பக்கம், அதான் இங்க குடைஞ்சிருக்காங்க. பாறைல சின்னச் சின்ன ஓட்டை வரிசையா தெரிஞ்சா அது கூரை உத்திரம் சொருகின இடம், அதுக்குக் கீழ கல்லுக் கட்டி ஒரு அறை இருந்திருக்குன்னு அர்த்தம். உள்ள எட்டிப் பாத்தா கூரையில அடுப்புக்கரி இன்னும் அப்பியிருக்கும். பாறைச் செதுக்கு உருவங்களும் இருக்கு, உச்சி வெயில்ல கண்ணுக்கே தெரியாது, வெயில் சாய்வா விழும்போது மனுஷ உருவமெல்லாம் நிழலோட எழும்பி வரும். தடவாதீங்க, கை எண்ணெயும் உரசலும் மெத்துப் பாறைக்கு ஆகாது.

நின்னு பாத்துப் போனா ரெண்டு மணி நேரம் ஆகும். கால்ல தெம்பு இருந்தா அதே நுழைவு பாஸ்ல பேண்டலியரோட மெயின் பள்ளத்தாக்கையும் அன்னிக்கே பாத்துடலாம்.