சுசுகி லாபன் போட்டோ பார்த்தா எந்த தலைமுறைன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

லாபன்னா ஃபிரெஞ்சுல முயல், அதனால கார்ல அங்கங்க முயல் உருவத்த ஒளிச்சு வச்சிருப்பாங்க, இந்தியால விக்காத வண்டி ஆனா எனக்கு உயிர். பெங்களூர்ல இருந்துக்கிட்டு போட்டோல மட்டும் பார்த்து இத பிரிக்க கத்துக்கணும்னா முதல்ல அளவு மனசுல நிக்கணும், அல்சூர்ல எங்க வீட்டு வாசல்ல நான் போட்ட மாதிரி சாக்பீஸால 3.4 மீட்டர் நீளம் 1.48 மீட்டர் அகலம்னு கோடு போட்டுப் பாருங்க, லாபன் மாதிரி குட்டி கார் வகைய ஜப்பான்ல கெய் கார்னு சொல்வாங்க, அதுக்கு சட்டமே அவ்ளோதான், இன்ஜின் 660 சிசிக்கு மேல போகக்கூடாது.

அப்புறம் கூரைய பாருங்க. தட்டையா, தீப்பெட்டி மாதிரி நேரா இருந்தா 2002ல வந்த முதல் தலைமுறை. வட்ட ஹெட்லைட்டும் டர்போவும் இருந்தா அது அந்த தலைமுறையோட எஸ்எஸ் மாடல், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், மேனுவல் கியர்லயும் கிடைச்சுது.

2008ல வந்த ரெண்டாவது தலைமுறைதான் குழப்பும், அதே பெட்டி ஆனா ஓரமெல்லாம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், அவசரப்படாம பழசோட பக்கத்துல வச்சு பாருங்க.

2015ல வந்த மூணாவது தலைமுறை சுலபம், மூலையெல்லாம் உருண்டு, உள்ள டேஷ்போர்டு ஒரு சின்ன மேஜ மாதிரி. அதே உடம்புல சுசுகியோட 1967 ஃபிரோன்ட்டே கார ஞாபகப்படுத்துற பழைய கால முகம் இருந்தா அது 2022ல வந்த லாபன் எல்சி, தனி தலைமுறைன்னு எண்ணிடாதீங்க.